மேகம் மட்டும்தான் காரணமா?
வெப்பமண்டலத்தில் மேகம் விடாது, மலேசியாவில் பெரிய தொலைநோக்கி வைப்பது வீண் என்கிறது நான் படித்த கட்டுரை. அப்படியானால் தாய்லாந்தின் தேசிய வானியல் ஆய்வுக் கழகம் டோய் இந்தனோன் மலையில் 2.4 மீட்டர் தொலைநோக்கியை 2013 முதல் எப்படி நடத்துகிறது? மழை மாதங்களை விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டுக் காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியிலேயே 1977இல் யுரேனஸ் வளையங்களின் தடயம் பதிவானது. அங்கேயும் பருவமழை கொட்டத்தான் செய்யும். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் மேகமே இல்லாத இரவிலும் வியாழனையும் இரண்டு மூன்று நட்சத்திரங்களையும் தாண்டி ஒன்றும் தெரிவதில்லை. எதிரே கட்டுமானத் தளத்து விளக்கு விடிய விடிய வானத்தைப் பார்த்து எரிகிறது, யாருக்காக என்றுதான் புரியவில்லை. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் தொலைநோக்கியைப் பினாங்கில் வைக்கலாமே என்கிறார். சரி, அங்கே பந்தாய் ஆச்சேயில் ஷேக் தாஹிர் வானியல் மையம் ஏற்கெனவே இருக்கிறது. பிறை பார்க்க அந்த மேற்குக் கடற்கரை தோதான இடம். மங்கலான விண்மீன் மண்டலங்களுக்கு மலைதான் வேண்டும்.