நாக்கின் கீழ் நெஞ்சுவலி மாத்திரை: செப்டிக் ஷாக்குக்கு அது மருந்தல்ல

கம்பம், குமுளி பக்கம் ஏலத்தோட்ட வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. காய்ச்சல் முற்றி, கிருமி ரத்தத்தில் பரவி, கைகால் சில்லிட்டுப் போனால், அதாவது செப்டிக் ஷாக் என்ற நிலை வந்தால், நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் கீழ் வைக்கவாம். நுண்ரத்தக் குழாய்கள் திறந்து ஆள் பிழைத்துவிடுவாராம்.

இது தவறு, ஆபத்தும்கூட. செப்டிக் ஷாக்கில் ரத்த அழுத்தம் ஏற்கெனவே சரிந்திருக்கும். இந்த மாத்திரை குழாய்களை மேலும் தளர்த்தி அதை இன்னும் இறக்கிவிடும்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்பது புரிகிறது. 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சிறு ஆய்வில், இதே வகை மருந்தான நைட்ரோகிளிசரினை ஐசியூவில் ஊசிவழி கொடுத்தபோது நுண்குழாய்களில் ஓட்டம் கூடியது. ஆனால் அதில் இருந்தவர்கள் எட்டே பேர். அவர்களுக்கும் முதலில் போதிய திரவம் ஏற்றியிருந்தார்கள். 2010-இல் 70 பேரிடம் முறையாக ஒப்பிட்டபோது அந்தப் பலன் தென்படவில்லை.

இன்றைய சிகிச்சை ஆன்டிபயாடிக், நரம்பில் திரவம், அழுத்தம் ஏற நார்அட்ரீனலின். மருத்துவர்களுக்கான 2021-இன் 'சர்வைவிங் செப்சிஸ்' சிகிச்சை வழிகாட்டுதல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

விரல் நுனியைப் பத்து விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் சிவக்க மூன்று விநாடிக்கு மேல் ஆனால், கூடவே மூச்சிரைப்பு, பிதற்றல் இருந்தால், தோட்டத்து ஜீப்போ 108-ஓ எது முதலில் வருகிறதோ அதில் ஏற்றுங்கள். அழுத்திப் பார்த்ததில் சரியாக இருந்தாலும் மற்ற அறிகுறிகள் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

அந்தச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதைப் போடுங்கள்.