அந்தச் சீட்டு இன்னும் ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது

எங்கள் மைனி (அண்ணி) அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை செய்பவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஊரில் நடந்த முகாமில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டார். கூச்சப்பட்டவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனது நான்தான். கருப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் சந்தேகம். மைனிக்குத் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் கால்போஸ்கோபி, அதாவது அந்த இடத்தைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை, எடுக்கச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்கள்.

போனார். டாக்டர் லீவு. அடுத்த வாரம் போனார், மெஷின் சரியில்லை. மூன்றாவது தடவை போகவில்லை. "எத்தன நாளு கூலிய விட்டுட்டு அலையதுக்கு மக்கா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் ஒருவரும் அவருக்கு போன் போடவில்லை, வீட்டுக்கு வந்து விசாரிக்கவும் இல்லை. இப்போது மாதா மாதம் விடியற்காலையில் கிளம்பி திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த வழி நன்றாகவே தெரியும்.

இந்த நோய் ஒரே நாளில் வருவது இல்லை. ஆரம்ப மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து வருடமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் கண்டுபிடித்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பரிசோதனையே அதற்காகத்தான்.

அரசின் பரிசோதனைத் திட்டமே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் என் அம்மாவுக்கு சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அந்த நன்றி உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நாட்டளவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8. மேடையில் இதைச் சொல்லி மார்தட்டலாம். பத்தில் ஒன்பது பேர் பாக்கி என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

என் கோபம் வேறு. எந்த ஆட்சியிலும் "இத்தனை லட்சம் பேருக்குப் பரிசோதனை" என்ற எண்தான் பேனரில் ஏறுகிறது. சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் சிகிச்சை வரை போய்ச் சேர்ந்தார்கள் என்ற எண் எங்கே? 2030க்குள் எட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கு 90-70-90. முதலாவது 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, நடுவில் 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, கடைசி 90 நோய் தெரிந்தவர்களில் அத்தனை சதவீதம் பேருக்குச் சிகிச்சை. மைனி விழுந்தது அந்தக் கடைசிப் பள்ளத்தில்.

இப்படித் தவறிப்போனால் பதில் சொல்வது யார்? அயர்லாந்தில் விக்கி ஃபெலன் என்ற பெண்ணுக்கு, இதே புற்றுக்கான 2011 பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். 2014இல் புற்று. பழைய முடிவு தவறு என்று மறுஆய்வில் தெரிந்தும், அவரிடம் சொன்னது 2017இல். வழக்கு போட்டார், வாயை மூடிக்கொள்ளச் சொல்லும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். அதனால்தான் 2018இல் அவரைப்போல 200க்கும் மேற்பட்ட பெண்கள் இருப்பது வெளியே வந்தது. சுகாதாரத் துறைத் தலைவர் பதவி விலகினார், அமைச்சர் பதவியில் தொடர்ந்தார். 2019இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். விக்கி 2022இல் இறந்துபோனார்.

எனக்கு ராஜினாமாவில் பெரிய ஆசை இல்லை. ஒருவர் போனால் இன்னொருவர் மாலையோடு வருவார். இங்கே அதுவும் நடக்காது. விஷயம் பெரிதானால் கிராம செவிலியருக்கு ஒரு மெமோ, அத்தோடு முடிந்தது. டாக்டர் பணியிடத்தை நிரப்பாததும், மெஷினைப் பழுது பார்க்காததும் அந்த நர்ஸம்மாவா? பணம் ஒதுக்குபவர் அமைச்சர். சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் சிகிச்சை வரை போனார்கள் என்ற அந்த இரண்டாவது எண்ணைச் சட்டமன்றத்தில் மாவட்டம் வாரியாக அவர் சொல்லட்டும். ஓட்டு கேட்டு வருகிறவரிடம் ரோட்டைப் பற்றிக் கேட்கிறோமே, இதையும் கேட்கலாம்.

அடுத்த கிராம சபைக்கு அந்தச் சீட்டோடு போகப்போகிறேன். "அதெல்லாம் மேல கேளுங்க" என்பார்கள். சரி, மேலே யார், பெயரை எழுதிக் கொடுங்கள் என்று கேட்பதாக இருக்கிறேன்.