நான்காவது பிரிவு எங்கே போனது?

சனிக்கிழமை என் மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் நடந்ததை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அது மூன்று விதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் மைக்கைப் பிடுங்கினேன் என்றுகூட ஒருவர் எழுதியிருக்கிறார். மைக் கடைசிவரை தாளாளர் கையில்தான் இருந்தது. பிரச்சினையே அதுதானே.

நான் கேட்டது ஒரே கேள்வி. போன ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் நான்கு பிரிவுகள் இருந்தன. அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது மூன்று பிரிவுகள்தான் இருக்கின்றன. நான்காவது பிரிவு எங்கே போனது? கட்டணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, வேனில் பிள்ளைகளை அடைத்து ஏற்றுவதைப் பற்றியும் கேட்கவில்லை. வந்த பதில் உங்களில் பலருக்குத் தெரியும்: "சார், முதலில் உங்கள் மகளின் காலாண்டுக் கணக்கு மார்க்கைப் பாருங்கள்." அரங்கம் சிரித்தது. மகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். 61. நானே சொல்லிவிட்டேன், இனி யாரும் துருவ வேண்டாம்.

நான் கரூரில் ஜவுளி நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். தொடக்க இருப்பைக் காட்டாமல் இறுதி இருப்பை மட்டும் நீட்டினால் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போடமாட்டார். பள்ளி வாசலில் தொங்குகிற "100 சதவீதத் தேர்ச்சி" அந்த வகைக் கணக்கு. எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதை மட்டும் அது சொல்கிறது. எழுதவே விடாமல் அனுப்பப்பட்டவர்கள் அதற்குள் வருவதில்லை. ஒன்பதில் எத்தனை பேர், பத்தில் எத்தனை பேர்? இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் போட்டுவிட்டு நூறு சதவீதம் என்று எழுதுங்கள், நானே வந்து ஃப்ளெக்ஸ் கட்டித் தருகிறேன்.

எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏப்ரலில் பெற்றோருக்கு போன் வரும். "இங்கேயே இருந்தால் ஒன்பதில் ஃபெயில் போட வேண்டியிருக்கும். நீங்களாக டிசி வாங்கிக்கொண்டால் பாஸ் போட்டுத் தருகிறோம்." பெற்றோரே எழுதிக் கொடுத்ததாகக் கடிதமும் வாங்கிக்கொள்வார்கள். ஏன் ஒன்பதாம் வகுப்பு? எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அந்தப் பாதுகாப்பு எட்டோடு முடிகிறது. இவர்கள் ஒன்பதில் தொடங்குகிறார்கள். சட்டத்தை இவ்வளவு கவனமாகப் படிக்கிறவர்கள் எட்டுக்கு முந்தைய பகுதியையும் கொஞ்சம் படித்திருக்கலாம்.

என் மகளோடு ஒரே வேனில் போன பெண் இப்போது அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவள் மார்ச் மாதம் அங்கே பொதுத்தேர்வு எழுதுவாள். கணிதத்தில் தவறினால் அந்த அரசுப் பள்ளியின் தேர்ச்சி விகிதம் இறங்கும். உடனே நம் ஆட்கள், "பார்த்தீர்களா, அரசுப் பள்ளி லட்சணத்தை" என்பார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகள் கட்டணம் வாங்கியவர்கள் நூறு சதவீதத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

"பாடத்திட்டம் தரமானது, அதற்குத் தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் போகிறார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். எந்தப் பாடத்திட்டம்? இது மெட்ரிக் பள்ளி. மெட்ரிக்குக்குத் தனிப் பாடத்திட்டம் இருந்த காலம், எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி வந்ததோடு முடிந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம்வரை போய் முடிவான விஷயம். அந்த அரசுப் பள்ளிப் பெண்ணும் என் மகளும் படிப்பது பாடநூல் கழகம் அச்சிட்ட அதே புத்தகம். ஆங்கில வழி என்பதைத் தாண்டி இவர்கள் கூடுதலாகத் தருவது ஏதோ ஒரு தனியார் பதிப்பகத்தின் பளபளப்பான "ஃபவுண்டேஷன்" புத்தகம். அதற்குத் தனிக் கட்டணம். என் வீட்டில் அது பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

பாடத்திட்டத்தை உண்மையிலேயே எடைபோட வேண்டுமென்றால் ஃப்ளெக்ஸைப் பார்க்காதீர்கள், ஆய்வகத்தைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். இங்கே ஆய்வகப் பூட்டைத் திறப்பது செய்முறைத் தேர்வு நெருங்கும்போதுதான். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை டிசம்பரில் மூடிவிட்டுப் பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிட்டார்கள். விளையாட்டுப் பீரியட் கணக்கு டெஸ்டாக மாறிவிட்டது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்று என் குடும்பத்துக்குத் தெரியும். என் அக்கா மகன் நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய பள்ளியில் படித்தான். பிளஸ் ஒன் பாடத்தை அவன் கண்ணாலேயே பார்க்கவில்லை. இரண்டு வருடமும் பிளஸ் டூதான். 1200க்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம். அக்கா ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தாள். பொறியியல் கல்லூரியில் முதல் பருவத்திலேயே கணிதத்திலும் இயற்பியலிலும் அரியர். அந்தப் பாடங்களுக்கு வேண்டிய அடிப்படை பிளஸ் ஒன்னில் இருந்தது, இவனுக்கு அதை யாரும் நடத்தவில்லை. "மாமா, எனக்கு மூளை மழுங்கிவிட்டது" என்று என்னிடம் சொன்னான். அவனை அப்படி நம்பவைத்தவர்கள் அவன் படத்தைத்தான் அதுவரை வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள்.

இந்தக் கொடுமையை நிறுத்தத்தான் 2017இல் ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தியது. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. இப்போது 2025-26 முதல் அந்தப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குச் சுமை குறையும் என்பது காரணம். நல்ல காரணம்தான். ஆனால் பிளஸ் ஒன் புத்தகம் மறுபடி பரணுக்குப் போகாது என்று இந்தத் தாளாளர்களை நம்பி யார் எழுதிக் கொடுப்பது?

"தேர்ச்சி குறைந்தால் சேர்க்கை குறையும், ஆசிரியர்களுக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பது?" என்று அங்கேயே வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்த ஆசிரியர்கள்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"அவ்வளவு அக்கறை இருந்தால் உன் மகளை அரசுப் பள்ளியில் சேர்த்திருக்க வேண்டியதுதானே?" என்பவர்களுக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. பணம் கட்டுகிறவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாதா? புடவைக் கடையில் சாயம் போகுமா என்று நான்கு முறை கேட்பீர்கள். பிள்ளையை ஒப்படைத்த இடத்தில் மட்டும் கைகட்டி நிற்க வேண்டுமா? "பிடிக்காவிட்டால் டிசி வாங்கிக்கொள்" என்று தாளாளர் சொன்னால் அது வியாபாரம். சக பெற்றோர் நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்? உங்கள் பிள்ளை எப்போதும் முதல் மூன்று பிரிவுகளிலேயே இருக்கும் என்று யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? சிரித்தீர்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தீர்கள். அவளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள் அந்த வரிசையில் இருந்தீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் தனியாக எனக்குச் செய்தி அனுப்பி, "நீங்கள் கேட்டது சரிதான் அண்ணா, என் பெயர் மட்டும் வெளியே வர வேண்டாம்" என்றவர்களும் சிரித்தவர்களில் உண்டு. பெயர் வராது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஒன்பதாம் வகுப்போடு டிசி கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர், எந்தப் பள்ளியாக இருந்தாலும், எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பெயர் வேண்டாம். ஆண்டு, வகுப்பு, பிள்ளை இப்போது எங்கே படிக்கிறது என்பது போதும். ஓர் அட்டவணை தொடங்கியிருக்கிறேன், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மனுவோடு அதையும் இணைக்கப்போகிறேன். என் பதிவுகளைத் தாளாளருக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். போன முறை பாதியில் வெட்டி அனுப்பியிருந்தீர்கள். இந்த முறை இந்தப் பத்தியையும் சேர்த்து அனுப்புங்கள்.