லாரி ஹாரனுக்குத் திரும்புகிற குழந்தைக்கும் காக்ளியர் தேவைப்படலாம்

தண்டையார்பேட்டை, காசிமேடு பகுதியில் செவித்திறன் குறைந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசும்போதெல்லாம் ஒரே கேள்வி வருகிறது: "கன்டெய்னர் லாரி ஹாரன் அடிச்சா திரும்பிப் பாக்குறான், அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?" அவர்கள் கேட்பது காக்ளியர் பொருத்தும் ஆபரேஷனைப் பற்றி; உள்காதுக்குள் மின்முனைகளைச் செலுத்தி, கேட்பு நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி அது. இருக்கிற கேட்புத்திறனும் போய்விடுமோ என்ற அவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதை நம்பிக் காத்திருப்பதில் கழிந்துபோவது பேச்சு வரவேண்டிய வயது என்பதால், இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கும் கேட்புத்திறன் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கும். லாரி இரைச்சலும் மேளச் சத்தமும் உயிரொலிகளும் அதில் ஓரளவு கேட்டுவிடும். பக்கத்து வீட்டுச் சிறுமியின் தாய், காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வோர் ஒலியாகச் சொல்ல, கேட்டவுடன் அவள் ஒரு மணியை டப்பாவில் போட வேண்டும். 'ம்', 'ஊ', 'ஆ' என்றதும் மணி விழுந்தது. உயர்ந்த அதிர்வெண்ணில் வரும் 'ஷ்', 'ஸ்' என்றபோது, காதில் மிஷின் (ஒலியைப் பெருக்கித் தரும் காதுகேட்கும் கருவி) இருந்தும், கை அசையவே இல்லை.

கிளிக் ஒலியை வைத்துச் செய்யும் பெரா பரிசோதனை (ஒலிக்குக் கேட்பு நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை அளப்பது) பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத்தான் காட்டும். அதனால் ரிப்போர்ட்டில் பதில் இல்லை என்று வந்த பிள்ளையும் வீட்டில் சத்தத்துக்குத் திரும்பும். ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தனித்தனியே அளவு காட்டும் ஏஎஸ்எஸ்ஆர் போன்ற பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

காக்ளியர் அறுவை சிகிச்சையால், மிச்சமிருக்கும் கேட்புத்திறன் குறையலாம், முழுவதும் போகலாம், சில மாதங்கள் கழித்தும் போகலாம். இதைப் பெற்றோரிடம் மறைப்பது தவறு. மெல்லிய மின்முனைகளும் நிதானமாகச் செலுத்தும் முறையும் அந்த ஆபத்தைக் குறைத்திருக்கின்றன. தாழ்ந்த ஒலியை மிஷின் வழியாகவும் உயர்ந்த ஒலியை மின்தூண்டல் வழியாகவும் ஒரே காதுக்குக் கொடுக்கலாம் என்று ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் வான் இல்பெர்க் என்ற மருத்துவரின் குழுவினர் 1999இலேயே காட்டிவிட்டார்கள். சரியாகப் பொருத்திய மிஷினைத் தொடர்ந்து போட்டும் 'ஷ்', 'ஸ்' போன்ற மெய்யொலிகள் எட்டவில்லை என்றால், இந்த ஆபத்தை ஏற்றுக்கொள்வதே நியாயம் என்பது என் கருத்து. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை 6 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஒரு காதில் மட்டும் காக்ளியர் வைத்தபின், மறு காதின் மிஷினைப் பலர் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தக் காதில் கேட்புத்திறன் மிச்சமிருந்தால், குரலின் ஏற்ற இறக்கத்தையும் பாட்டையும் உணர அது உதவும். அதையும் தினமும் மாட்டிவிடுங்கள்.