ஸ்நார்ட் இறந்தது சாகசத்தில் அல்ல

டேல் ஸ்நாட்கிராஸ் என்ற அமெரிக்கக் கடற்படை விமானியின் பெயர் தெரியாதவர்கள்கூட அந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். 1988-இல் எடுத்தது. யூ.எஸ்.எஸ். அமெரிக்கா என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஒட்டி அவர் ஓட்டிய எஃப்-14 டாம்கேட் போர் விமானம், இறக்கைகளைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு, தளத்தில் நிற்பவர்களின் கண்ணெதிரே பறந்து போகும். போட்டோஷாப் என்று சண்டை போடுபவர்கள் இன்றும் உண்டு. நிஜப் படம்தான், அதுவும் குருட்டுத் துணிச்சல் இல்லை, திட்டமிட்டுப் பழகிச் செய்தது. டாம்கேட்டில் மட்டும் 4,800 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வளைகுடாப் போரில் ஒரு ஸ்குவாட்ரனுக்கு (விமானப் பிரிவுக்கு) தலைமை தாங்கினார், ஓய்வுக்குப் பிறகு ஏர் ஷோக்களில் சேபர், கோர்சேர் என்று பழைய போர் விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தார். 'ஸ்நார்ட்' என்ற அவருடைய பட்டப்பெயரைச் சொன்னால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் 2021 ஜூலை 24 அன்று ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டன் விமான நிலையத்தில் இறந்தார். வயது 72. ஓட்டியது எஸ்.எம்.1019 என்ற சின்ன இத்தாலிய விமானம், ராணுவம் கண்காணிப்புக்கு வைத்திருந்த வகை. சாகசம் எதுவும் இல்லை, சாதாரண டேக்-ஆஃப். தரையை விட்டதும் மூக்கு செங்குத்தாக ஏறியது, இடப்பக்கம் சாய்ந்தது, விழுந்தது, அவ்வளவுதான். கண்ட்ரோல் லாக்கைக் கழற்றாமலே கிளம்பியதுதான் காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்னது. நிறுத்தி வைத்த விமானத்தின் சுக்கான்கள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, விமானி கையில் பிடித்து ஓட்டும் ஸ்டிக்கை அசையாமல் பிடித்து வைக்கும் பூட்டு அது.

இந்த முடிவு வந்தபோது இரண்டு விதமாகப் பேசினார்கள், இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. ஒன்று, "அவராவது, பூட்டை மறப்பதாவது" என்ற மறுப்பு. இன்னொன்று, "தனக்குப் பிடித்ததைச் செய்யும்போதே போய்ச் சேர்ந்தார்" என்ற ஆறுதல். இறந்தவர் தவற்றைப் பேசுவது மரியாதை இல்லையாம். அவர் வந்த உலகம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பறந்து இறங்கியதும் எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து, பதவியை வாசலிலேயே விட்டுவிட்டு, யார் எங்கே சொதப்பினார்கள் என்று ஒவ்வொரு நிமிடமாகப் பிரித்துப் பேசும் உலகம். அதிலேயே வாழ்ந்த மனிதரின் கடைசிப் பறப்பை மட்டும் பூசி மெழுகினால் அதுதான் அவமரியாதை.

பூட்டோடு கிளம்பிய முதல் ஆளும் அவர் இல்லை. 1935 அக்டோபர் 30, டேட்டன் நகரத்தின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299, பின்னாளில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஆன அதே விமானம், இதே காரணத்தால் விழுந்தது. ஓட்டியவர் மேஜர் ஹில், அங்கே சோதனைப் பறப்புக்கே தலைவர். விமானிகள் கையில் செக்லிஸ்ட் வந்த கதையே அந்த விபத்திலிருந்துதான் தொடங்குகிறது. அடுத்த வருடம் ஜூனில் டிரெஸ்டனில் ஜெர்மன் விமானப் படையின் தலைமைப் பணியாளர் அதிகாரி (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்) வால்டர் வேஃபர், ஹைன்கல் விமானத்தின் அய்லெரான் (இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கி விமானத்தைச் சாய்க்கும் பலகை) பூட்டைக் கழற்றாமல் கிளம்பி இறந்தார். இவர்களில் யார் கற்றுக்குட்டி?

2014-இல் அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் நடந்தது இன்னும் மோசம். ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட், இரண்டு அனுபவசாலி விமானிகள், பூட்டு போட்டபடியே ஓடுபாதையில் ஓடி, ஏற முடியாமல் எல்லை தாண்டிப் போய் எரிந்தது. ஏழு பேர் பலி. பதிவுகளைத் தோண்டியபோது, அந்த விமானத்தின் முந்தைய 175 டேக்-ஆஃப்களில் 98 சதவீதத்தில் கண்ட்ரோல் சோதனையை முழுதாகச் செய்யவே இல்லை என்று தெரிந்தது. அத்தனை முறையும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் ஆபத்தே, அனுபவம் ஏற ஏற "ஒன்றும் ஆகாது" என்பதற்கும் சாட்சி ஏறிக்கொண்டே போகிறது.

அந்தச் சோதனை அப்படி என்ன பெரிய வேலை? ஸ்டிக்கை வயிறு வரை இழு, முன்னால் தள்ளு, இடம், வலம், தலையைத் திருப்பி இறக்கையைப் பார். கட்டைவிரலை நிமிர்த்தி ஸ்டிக்கைப் பிடித்துச் சாய்த்தால் விரல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்க அய்லெரான் மேலே எழ வேண்டும், பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லித் தருவது. பூட்டு இருந்தால் ஸ்டிக் நகரவே நகராது, அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். டேக்-ஆஃப் ஓட்டத்தில் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்றால், எஸ்.எம்.1019 மாதிரி குட்டிப் பாதையிலேயே எழும்பிவிடும் விமானத்தில் அதற்கு நேரம் ஏது?

ஆனால் எல்லாப் பழியையும் மனிதர் தலையிலேயே கட்டவும் எனக்கு மனமில்லை. பூட்டு போட்டிருக்கும்போது இன்ஜினுக்கு முழுச் சக்தி கொடுக்க முடிகிறதே, அது எப்படி? பெட்ஃபோர்ட் ஜெட்டில் த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) தடுக்கும் ஏற்பாடு பேருக்கு இருந்தது, ஆனால் தடுக்க வேண்டிய அளவுக்குத் தடுக்கவில்லை. சின்ன விமானங்கள் பலவற்றில் அதுகூடக் கிடையாது, ஒரு கம்பியோ கொக்கியோதான். தனியாகப் பறப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "அதைக் கழற்றினீர்களா?" என்று கேட்கவும் ஆள் இல்லை. பழைய ராணுவ விமானங்களை வாங்கிப் பறப்பவர்கள் ரேடியோவையும் திரைகளையும் புதிதாக மாட்டுவதற்குக் கொட்டும் காசில் ஒரு பங்கை, பூட்டு இருந்தால் த்ராட்டில் நகராதபடி செய்வதற்குச் செலவழித்தால் என்ன?