எஃபா மேன்லிக்கு வர வேண்டிய காசு

ஒவ்வோர் ஏப்ரல் 15-ம் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் எல்லா வீரர்களும் 42 என்ற எண் போட்ட சட்டையோடு மைதானத்தில் இறங்குகிறார்கள். அது ஜாக்கி ராபின்சனின் எண். 1947-ல் அதே நாளில் அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக ஆடி, அறுபது வருடமாகக் கறுப்பினத்தவருக்குச் சாத்தியிருந்த கதவைத் திறந்தார். அவர் வாங்கிய வசவும் மிரட்டலும் கொஞ்சநஞ்சமில்லை, அந்த மரியாதை அவருக்குத் தகும். எனக்கு எரிச்சல் வருவது அவரைச் சேர்த்துக்கொண்ட டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கிக்கு விழும் மாலைகளைப் பார்த்துத்தான். ராபின்சனை அவர் கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற கறுப்பர் அணியிலிருந்து எடுத்தார். அதற்காக அந்த அணிக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. இப்படி வீரரைப் பறிகொடுத்த இன்னொரு கறுப்பர் அணி முதலாளிதான் எஃபா மேன்லி.

கறுப்பர்கள் ஆடக் கூடாது என்று மேஜர் லீக் விதிப் புத்தகத்தில் எங்கும் எழுதி வைக்கவில்லை. 1884-ல் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் டொலீடோ அணிக்கு ஆடியிருக்கிறார். அப்புறம் முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பேச்சில் போட்ட பூட்டு என்பதால் யாரும் பொறுப்பேற்கவும் வேண்டியதில்லை.

வெளியே நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 1920-ல் ரூப் ஃபாஸ்டர் கான்சாஸ் சிட்டியில் அணி உரிமையாளர்களைக் கூட்டி நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். தங்க ஓட்டல் கிடைக்காத ஊர்களில் வீரர்கள் பேருந்திலேயே தூங்கினார்கள். சாப்பாட்டுக் கடையில் உள்ளே விட மாட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த சங்கதி மோனார்க்ஸ் அணியின் விளக்குகள். 1930-லேயே அவர்கள் விளக்குக் கம்பங்களையும் ஜெனரேட்டரையும் லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் இரவு ஆட்டம் நடத்தினார்கள். பகலெல்லாம் வேலை பார்த்த ஜனங்கள் ராத்திரி வந்து பார்த்தார்கள். மேஜர் லீக்கின் முதல் இரவு ஆட்டம் 1935-ல்தான் நடந்தது.

இப்போது எஃபா மேன்லிக்கு வருகிறேன். கணவர் ஏப் மேன்லியோடு சேர்ந்து நியூவார்க் ஈகிள்ஸ் அணியை நடத்தியவர். சம்பளம், பயணம், விளம்பரம், வாடகை என்று அன்றாட நிர்வாகம் முழுக்க அவர் கையில். 1939-ல் தன் மைதானத்திலேயே கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வதற்கு எதிராக ஒரு நாள் ஒதுக்கிப் பணம் திரட்டியவர். 1946-ல் அவருடைய அணி கறுப்பர் லீக்குகளின் பட்டப் போட்டியான நீக்ரோ உலகத் தொடரை வென்றது. அந்த வருடமே ரிக்கி ஈகிள்ஸின் வீரர் டான் நியூகம்பை எடுத்துக்கொண்டார். வழக்கம்போல இலவசமாக.

ரிக்கி சொன்ன சாக்கு இது: கறுப்பர் லீக்கில் ஒழுங்கான ஒப்பந்தம் கிடையாது, முதலாளிகள் சட்டவிரோத லாட்டரிக்காரர்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏப் மேன்லியே அந்தத் தொழிலில் சம்பாதித்தவர்தான். ஆனால் வெள்ளையர் வங்கிகள் கடன் கொடுக்காத காலத்தில் கறுப்பர் தெருவில் வேறு யாரிடம் மூலதனம் இருந்தது? அதே லாட்டரிக் காசு மைதான வாடகையாக வந்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. ஈகிள்ஸ் ஆடியது யாங்கீஸ் என்ற மேஜர் லீக் அணியின் கிளை அணி வைத்திருந்த மைதானத்தில். வாஷிங்டனில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்ற கறுப்பர் அணி கொடுத்த வாடகை அங்கிருந்த மேஜர் லீக் முதலாளியின் பைக்குப் போனது. வாடகை வாங்கும்போது சுத்தமாக இருந்த பணம், வீரருக்கு விலை கொடுக்க வேண்டிய நேரத்தில் மட்டும் அழுக்காகிவிட்டது.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. நியூவார்க்கிலிருந்து புரூக்ளின் பக்கம்தான், ரசிகர்கள் ராபின்சனைப் பார்க்க அங்கே போய்விட்டார்கள். 1946-ல் ஈகிள்ஸ் ஆட்டங்களுக்கு லட்சத்துக்கு மேல் வந்த கூட்டம் அடுத்த வருடம் பாதியாகக் குறைந்தது. 1948 முடிந்ததும் மேன்லி அணியை விற்றார், ஃபாஸ்டரின் லீக் நின்ற பிறகு அதே பேரில் வந்த இரண்டாவது நீக்ரோ நேஷனல் லீக்கையும் மூடினார்கள்.

இதில் ராபின்சனும் மேன்லியும் மோதிக்கொண்டதுண்டு. கறுப்பர் லீக்கின் சம்பளம், பயணம், நடுவர்கள் எல்லாமே மோசம் என்று 1948-ல் ராபின்சன் பத்திரிகையில் எழுதினார், மேன்லி நன்றி கெட்டவர் என்ற தொனியில் பதிலடி கொடுத்தார். பேருந்தில் தூங்கியவர் சொன்ன குறைகள் பொய்யாகாது. ஆனாலும் கணக்கைப் பார்த்தால் நான் மேன்லி பக்கம்தான். வீரர்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு மேனேஜர், நடுவர், முதலாளி, கணக்கர் எல்லாரையும் தெருவில் விட்டதற்குக் கறுப்பு வெள்ளை இணைப்பு என்று பேர் வைத்தார்கள். மேஜர் லீக்கில் ஆட்டத்தில் அணியை வழிநடத்தும் மேனேஜராக முதல் கறுப்பினத்தவர் ஃபிராங்க் ராபின்சன் வர 1975 ஆகிவிட்டது.

2024-ல் கறுப்பர் லீக் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் தன் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்த்தது. 1947 ஜனவரியில், ராபின்சன் ஆடுவதற்கு மூன்று மாதம் முன்னால், 35 வயதில் செத்துப்போன கறுப்பர் லீக் வீரர் ஜோஷ் கிப்சன் .372 மட்டையடிச் சராசரியோடு, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். சந்தோஷம்தான். ஏட்டைத் திருத்த காசு செலவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் ரிக்கி மாதிரி இல்லை. கிளீவ்லாந்து மேஜர் லீக் அணி முதலாளி பில் வீக் 1947-ல் ஈகிள்ஸ் வீரர் லாரி டோபிக்காக மேன்லிக்கு மொத்தம் 15,000 டாலர் கொடுத்தார். வெள்ளைக்கார வீரராக இருந்தால் எவ்வளவோ அதிகம் தந்திருப்பாய் என்று மேன்லி அவரிடமே சொன்னாராம். அடுத்து இன்னொரு ஈகிள்ஸ் வீரர் மான்டி இர்வினையும் சும்மா தூக்கிப்போக ரிக்கி பார்த்தபோது மேன்லி வக்கீலை வைத்து மல்லுக்கட்டினார். ரிக்கி கைவிட, நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற மேஜர் லீக் அணி 5,000 டாலர் கொடுத்து இர்வினை எடுத்தது. அதில் தன் பங்குக்கு வந்த பணத்தில் மேன்லி ஒரு மிங்க் தோல் மேலாடை வாங்கிக்கொண்டார்.