தோற்ற பிறகு அந்த கேம் என்ன செய்கிறது?

ஒரு கேம் எப்படி என்று கேட்டால் கிராபிக்ஸ், கதை, எத்தனை மணி நேரம் ஓடும் என்றுதான் பேச்சு போகிறது. நான் முதலில் பார்ப்பது வேறு. ஆள் செத்து விழுந்த பிறகு, கண்ட்ரோல் மறுபடி நம் கைக்கு வருவதற்குள் அந்த கேம் என்ன செய்கிறது? எவ்வளவு நேரத்தைப் பிடுங்குகிறது, எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது, தப்பு எங்கே என்று காட்டுகிறதா, இல்லை கையை நீட்டிக் காசு கேட்கிறதா? கஷ்டமான கேம் என்றால் விளையாடும் நேரத்தில் பெரும்பகுதி தோற்கும் நேரம்தான். அந்த நேரத்தை மதிக்காத கேமை, எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும், நல்ல கேம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2004-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது, அடுத்த வருஷம் கம்ப்யூட்டருக்கு. பிரௌசிங் சென்டர் காலத்தில் நம்மூரில் அதைத் தொடாத பையன்கள் குறைவு. அதில் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் ரயில் மிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பைக் ஓட்ட வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டாளி பிக் ஸ்மோக், ரயில் பெட்டி மேல் நிற்கும் நான்கு பேரைச் சுட வேண்டும். தோற்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தப்பு, ரயிலை ஒட்டி ஓட்டுவது. ஒட்டினால் பெட்டியின் சுவரே குறுக்கே நிற்கும். கூரைமேல் இருப்பவனைச் சுட அவருக்குக் கோணம் கிடைக்காது, குண்டெல்லாம் பெட்டியில் பட்டு வீணாகும். ரயிலுக்கு வலப்பக்கம் நன்றாக விலகி, அதே வேகத்தில் கூடவே போய்க்கொண்டிருந்தால் போதும். வண்டியை ஆட்டாமல் வைத்திருந்தாலே மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

இதில் என் குறை என்னவென்றால், தோற்றதும் ரயிலைப் பின்தொடரக்கூடத் தெரியவில்லையா என்று அவர் நம்மைத் திட்டுவார். அதைக் கேட்டவன் அடுத்த முறை இன்னும் நெருங்கித்தானே ஓட்டுவான்? கேம் சொல்லும் காரணமும் உண்மையான காரணமும் நேரெதிர். தோற்றால் நடுவிலிருந்து தொடர செக்பாயின்ட்டும் கிடையாது. மறுபடி ஸ்மோக் வீடு, மறுபடி அதே வசனம், மறுபடி ஸ்டேஷன் வரை வண்டி. அந்த ஊரும் ரேடியோவும் சைக்கிளும் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். மிஷன் அமைப்பு அன்றைக்கே மோசம்.

சான் ஆண்ட்ரியாஸைக் கொடுத்த அதே ராக்ஸ்டார் 2018-ல் கொண்டுவந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ல் செக்பாயின்ட் சிக்கல் தீர்ந்தது, வேறு நோய் வந்தது. மிஷனுக்கு வெளியே அது கொடுக்கும் சுதந்திரத்துக்கு ஈடே இல்லை. முயலை ஷாட்கன்னால் சுட்டால் தோல் கந்தலாகும். வார்மின்ட் ரைஃபிள் வேண்டும், அல்லது சிறு விலங்குக்கான அம்பு. அதுவும் மூன்று நட்சத்திரம் காட்டும் விலங்காக இருந்தால்தான் முழுத் தோல் கிடைக்கும். இவ்வளவு நுணுக்கம் உள்ள உலகத்தில் மிஷன் என்று ஆரம்பித்தால் மட்டும் நூல் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். கூட்டாளியை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி, பின்பக்கமாகச் சுற்றிப் போய்த் தாக்கலாம் என்று நினைத்தால் மிஷன் ஃபெயில். யோசித்ததற்கே தண்டனை கொடுக்கும் இடங்கள் அவை. கதைக்காகக் கட்டாயம் விளையாட வேண்டிய கேம், மிஷனுக்காக அல்ல. ஒன்றை மட்டும் பழகிக்கொள்ளுங்கள்: குதிரையை விட்டு இறங்குவதற்கு முன் வெப்பன் வீலில் (ஆயுதம் தேர்ந்தெடுக்கும் வட்டத்தில்) நீளத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டு இறங்குங்கள். இல்லாவிட்டால் அது சேணத்திலேயே தங்கிவிடும், கையில் பிஸ்டலோடு சண்டைக்குப் போய் நிற்பீர்கள்.

தோல்வியையே விளையாட்டாக மாற்றியது டார்க் சோல்ஸ், 2011. செத்த இடத்தில் நாம் சேர்த்த சோல்ஸ் (காசும் அதுதான், லெவல் ஏற்றுவதும் அதில்தான்) கிடக்கும். போய் எடுத்துக்கொள்ளலாம், போகிற வழியில் இன்னொரு தரம் செத்தால் எல்லாம் போச்சு. இந்த ஒரே விதியால் திரும்பிப் போகும் பாதைக்கு ஒரு பதைப்பு வந்துவிடுகிறது. ஆனால் அதே கேமில்தான் பெட் ஆஃப் கேயாஸ் என்ற பாஸும் (பெரிய எதிரி) இருக்கிறது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு உருண்டைகளை உடைத்துவிட்டு, நடுப்பள்ளத்தில் தெரியும் வேரில் குதித்து உள்ளே ஓட வேண்டும். தரை உடைந்து விழும், பெரிய கைகள் துடைத்து எறியும். அங்கே ஆட்டத் திறமைக்கு வேலையே இல்லை. உடைத்த உருண்டை செத்த பிறகும் உடைந்தபடியே இருக்கும் என்பதுதான் ஒரே ஆறுதல். ஒரு பக்கத்தை உடைத்ததும் மெனுவுக்குப் போய் வெளியேறி மறுபடி லோட் செய்யுங்கள், பாஸ் அறை வாசலில் இருக்கும் பனிமூட்டச் சுவருக்கு வெளியே நிற்பீர்கள். செத்துத் தொலைவிலிருந்து மறுபடி ஓடிவரும் நீண்ட ஓட்டம் மிச்சமாகும்.

அந்த நீண்ட ஓட்டத்துக்கு 2022-ல் எல்டன் ரிங் முடிவு கட்டியது. பல பாஸ்களின் வாசலில் மரிக்கா சிலை. செத்தால் அங்கேயே எழலாம். ஆரம்பத்திலேயே தங்கக் கவசக் குதிரைவீரன் ஒருவன் குறுக்கே வருவான். அவனை அங்கேயே ஜெயிக்க வேண்டிய கட்டாயமில்லை. முடியாவிட்டால் வேறு பக்கம் போ என்று சொல்லத்தான் அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் வரும் பாஸான மார்கிட்டிடம் திணறுகிறவர்களும் அப்படித்தான், தெற்கே வீப்பிங் பெனின்சுலா பக்கம் போய்ச் சுற்றிவிட்டு வரலாம்.

இதில் புதிதாக இறங்குகிறவர்கள் செய்யும் பிழை, கிடைக்கும் லெவலையெல்லாம் அடிக்கும் பலத்தில் போடுவது. உயிரைக் கூட்டும் விகரில் போடுங்கள். 40-ல் உயிர் 1450, 60-ல் 1900. 60-க்கு மேல் போடுவது வீண்; 99 வரை கொண்டுபோனாலும் 200தான் கூடும். ஆயுதத்தின் வலு லெவலைவிட, அதை மேம்படுத்தும் ஸ்மிதிங் ஸ்டோனில்தான் இருக்கிறது. சர்ச் ஆஃப் எல்லேயில் இருக்கும் பட்டறையிலேயே +3 வரை ஏற்றிவிடலாம். சுமக்கும் எடை 70 சதவீதத்தைத் தொட்டால் ரோல் (அடிக்குத் தப்ப உருள்வது) கனத்துவிடும், அந்த ரோலோடு எந்த பாஸையும் நெருங்க வேண்டாம். மார்கிட் கோலை ஓங்கியபடி ஒரு கணம் அப்படியே நிற்பான். ஓங்கியதைப் பார்த்து ரோல் அழுத்தினால் செத்தீர்கள். இறங்குவதைப் பார்த்து அழுத்த வேண்டும். குறை என்று பார்த்தால், கடைசி மூன்றில் ஒரு பங்கில் பழைய பாஸ்களே பெயர் மாற்றி வருவது அலுப்பு. ஒரு ஆளின் கதையைத் தொடர்ந்து போக எந்தக் குறிப்பும் வைக்காததும் பிழைதான். ஒரு இடத்துக்கு முன்பின்னாகப் போனால் அவர் கதையே அறுந்துபோகிறது, அறுந்தது நமக்குத் தெரிவதும் இல்லை.

டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் எடுத்த அதே ஃப்ரம்சாஃப்ட்வேரின் இந்தக் குடும்பத்தில் என் முதல் இடம் 2019-ல் வந்த சேகிரோவுக்கு. அதில் லெவல் ஏற்றிக்கொண்டு வந்து தப்பிக்க முடியாது, கைதான் பழக வேண்டும். டார்க் சோல்ஸ் பழக்கத்தில் உருண்டு உருண்டு விளையாடுகிறவர்கள் எல்லாரும் முதல் பத்து மணி நேரம் அடி வாங்குவார்கள். இங்கே விலகக் கூடாது, நின்று தட்டிவிட வேண்டும். பதற்றத்தில் கார்டு (தடுப்பு) பொத்தானைத் தடதடவென்று அழுத்தினால், சரியாகத் தட்டுவதற்கான இடைவெளியை கேமே சுருக்கிவிடும். அதனால் ஒரு அடிக்கு ஒரு அழுத்தல்தான். கத்தி கத்தியில் படும் ஓசையைத் தாளமாகப் பிடித்துக்கொண்டால் கண்ணைவிடக் காது வேகமாக வேலை செய்யும். சிவப்பு எழுத்து தோன்றினால் மூன்றில் ஒன்று: குத்து வந்தால் எதிரியை நோக்கி டாட்ஜ், கீழே வீச்சு வந்தால் குதி, பிடிக்க வந்தால் விலகு. எதிரியின் உயிர் நிறைந்திருக்கும் வரை அவன் போஸ்ச்சர் (நிரம்பினால் நிலைகுலையும் அளவு) சீக்கிரம் ஆறிவிடும். முதலில் நாலு வெட்டு வெட்டி உயிரைக் குறைத்துவிட்டுப் பிறகு போஸ்ச்சரைப் பிடியுங்கள். நம்முடையது ஏறினால் சற்று விலகி கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேகமாக இறங்கும்.

சேகிரோவில் தோற்றால் காரணம் உடனே தெரியும்: சீக்கிரம் அழுத்தினேன், தாமதமாக அழுத்தினேன், குத்தை வீச்சு என்று நினைத்தேன். இதைத்தான் நேர்மை என்கிறேன். அந்த கேமில் எனக்குப் பிடிக்காதது கேமரா. மூலையில் மாட்டினால் சுவரும் முதுகும்தான் தெரியும், எதிரிமேல் வைத்த லாக் அறுந்துவிடும். அப்படிச் சாவது நம் பிழை அல்ல.

மலையேறும் ஆட்டமான செலஸ்ட் (2018) பார்க்கச் சின்ன கேம். தோல்வியைக் கையாளுவதில் பெரிய கேம்களுக்குப் பாடம் எடுக்கும். முள்ளில் பட்டால் கண் இமைக்கும் நேரத்தில் அதே திரையின் தொடக்கத்தில் நிற்போம். லோடிங் இல்லை, திட்டு இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் அது செய்யும் உதவியைக் கவனியுங்கள்: விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை குதிக்க விடுகிறது. மேலே போகும்போது தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால் சில பிக்சல் ஒதுக்கி மேலே அனுப்புகிறது. நாம் நினைத்ததைத்தான் செய்தோம் என்ற உணர்வு இதனால்தான் வருகிறது. ஆட்டத்தை எளிதாக்கும் அசிஸ்ட் மோடில் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம். அதைப் போட்டு விளையாடுவதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. விரலில் வலி உள்ளவரும் அந்த மலை உச்சியைப் பார்க்கட்டுமே.

ஹாலோ நைட் (2017) இதற்கு நேர்மாறு. செத்தால் ஜியோ (அந்த உலகத்தின் காசு) முழுவதும் நம் நிழலிடம் போய்விடும், அதைக் கொல்லும் வரை உயிரேற்றவும் மந்திரத்துக்கும் பயன்படும் சோல் கொள்ளளவும் குறையும். நடந்து திரும்பும் தூரமும் அதிகம். ஆனாலும் மன்னிக்கிறேன், ஏனென்றால் அந்த உலகம் நடக்கும்போதுதான் மனதில் பதிகிறது. ஆரம்பத்தில் வழி தெரியாமல் வெறுத்துப்போய் நிறுத்திவிட்டவர்களுக்கு: ஊரில் இசெல்டா கடையில் 220 ஜியோவுக்குத் திசைகாட்டி, 120-க்கு இறகுப் பேனா. இரண்டையும் முதலில் வாங்குங்கள். பேனா இல்லாவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்தாலும் வரைபடம் வளராது. மன்னிக்க முடியாதது கடைசி பாஸ்: ரேடியன்ஸிடம் ஒவ்வொரு முறை தோற்கும்போதும் முதலில் ஹாலோ நைட் என்ற பாஸை மறுபடி அடித்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்.

சைபர்பங்க் 2077 பற்றிச் சுருக்கமாக. 2020 டிசம்பர் 10-ல் வந்தபோது தோற்றது விளையாடுகிறவர்கள் அல்ல, கேம்தான். கம்ப்யூட்டரில் சேவ் ஃபைல் 8 எம்.பி. தாண்டினால் கெட்டுப்போகும் என்ற நிலையில் விற்றார்கள்; ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் கடை அதை எடுத்துவிட்டது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அது உண்மையிலேயே வேறு கேம். கவசம் உடையிலிருந்து உடலில் பொருத்தும் சைபர்வேருக்கு மாறியது, பெர்க்குகள் (திறன்கள்) புதிதாக எழுதப்பட்டன. இன்று தாராளமாக வாங்கலாம். முதல் நாளில் முழு விலை கொடுத்தவர்களின் கோபமும் நியாயமானதே.

இனி, தோல்வியிலிருந்து காசு பார்க்கும் வகை. பப்ஜி மொபைல் இந்தியாவில் 2020 செப்டம்பரில் தடையாகி, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐயாக வந்து, 2022 ஜூலையில் மறைந்து, 2023 மே மாதம் திரும்பியது. துப்பாக்கி ஆட்டமாக அது மிக நல்ல கேம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்னைப்பர் துப்பாக்கிகளில் கார்98 லெவல் 3 ஹெல்மெட்டை ஒரே குண்டில் சாய்க்காது, ஏடபிள்யூஎம் சாய்க்கும். இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, கற்றுக்கொள்ளலாம். ரீகாயில் (சுடும்போது துப்பாக்கி எகிறுவது) அடங்கவில்லை என்றால் அடுத்தவர் சென்சிடிவிட்டியைக் காப்பியடிக்காதீர்கள். போன் வேறு, கை வேறு. ட்ரெய்னிங் கிரவுண்டில் எம்416 துப்பாக்கியில் எகிறலைக் குறைக்கும் காம்பென்சேட்டர், வெர்டிகல் கிரிப் போட்டு, சுவரைப் பார்த்து 30 குண்டையும் ஒரே மூச்சில் விடுங்கள். குறி மேலே ஏறினால் கைரோவை (போனைச் சாய்த்துக் குறி பார்ப்பது) சிறிது கூட்டுங்கள், கீழே இறங்கினால் குறையுங்கள். ரெட் டாட் ஸ்கோப்பில் சரியான பிறகுதான் 3எக்ஸ் ஸ்கோப்.

என் எதிர்ப்பெல்லாம், காசு கொடுத்து வாங்கும் யூசியில் திறக்கிற பெட்டிகளுக்கு. உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசு போட்டுத் திறப்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. ஃபிஃபாவின் (2023-லிருந்து பெயர் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி) அல்டிமேட் டீம் இன்னும் மோசம். அங்கே பெட்டியில் வருவது அலங்கார உடை அல்ல, ஆடும் ஆளே. வலுவான ஆளிடம் தோற்றால் அடுத்த நினைப்பு இன்னொரு பேக் (பெட்டி). அடுத்த வருஷம் புதிய பதிப்பு வந்ததும் சேர்த்த அணியெல்லாம் பழையதோடு நின்றுவிடும். பெல்ஜியம் இதைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, 2019-ல் அங்கே பேக் வாங்க உதவும் ஃபிஃபா பாயின்ட் விற்பனையை நிறுத்த வைத்தது. சரியான முடிவு.

ஸ்டார்டூ வேலியில் தோல்வி என்பதே மென்மையானது. இரவு 2 மணிக்குள் படுக்காவிட்டால் மயங்கி விழுந்து கொஞ்சம் பணம் போகும், அவ்வளவுதான். தூங்கினால்தான் சேவ் ஆகும் என்பது கரண்ட் போகும் ஊரில் உறுத்தும். ஆனால் ஒரு நாள் என்பது 14 நிமிடம் என்பதால் இழப்பு சிறியது. வசந்தம் 13-ம் தேதி முட்டைத் திருவிழாவில் ஸ்ட்ராபெர்ரி விதை 100 பொற்காசு. அன்றிரவே நட்டு நீர் ஊற்றினால் பருவம் முடிவதற்குள் இரண்டு அறுவடை.

கடைசியாக வெண்பா. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது, 2024-ல் அறிமுக கேமுக்கான பாஃப்டா வாங்கியது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு. அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லிப் பானையில் தண்ணீர் எப்போது, தட்டை எப்படித் திருப்பி அடுக்குவது என்பதெல்லாம் அங்கே புதிர். ஒரு குழிக்கு நேர்மேலே இன்னொரு குழி வந்தால் இட்லி உப்ப இடமிருக்காது என்று வீட்டில் பார்த்த நமக்குத் தெரியும். பார்க்காதவர் ஒருமுறை தப்பு செய்து கற்றுக்கொள்வார். தப்பினால் திட்டு இல்லை, உடனே மறுபடி செய்யலாம். மகன் கவினின் பக்கத்திலிருந்து விளையாடும்போது பெற்றோர் பேசும் தமிழில் சில சொற்கள் திரையில் மங்கலாக வரும். அவனுக்குப் புரியாதது நமக்கும் வாசிக்கக் கிடைக்காது. வசனம் எதுவும் விளக்காமல் அந்த மங்கலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, கொடுக்கும் விலைக்கு அது குறைவுதான். புதிர்களும் நம் வீட்டுக்காரர்களுக்கு மிக எளிது. புட்டும் பிரியாணியும் வந்ததுபோல் இன்னும் நாலு சமையல் வைத்திருக்கலாம், அதில் ஒன்றிரண்டாவது அடுப்பின் சூட்டைப் பார்த்து இறக்க வேண்டியதாக.